என் பார்க்கலாமும் உன் பார்க்கலாமும்

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் நோட்டைப் பிரித்தேன். கை வரவில்லை. அன்பு எங்கும் போய்விடவில்லை, இந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. அதை முதலில் அனுப்பிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "உம்" கொட்டுவாய். போன திங்கட்கிழமை அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். நீ பதினேழு "உம்" கொட்டினாய், எண்ணினேன். பதினெட்டாவது வருவதற்குள் நானே வைத்துவிட்டேன். எழுதிக் கொடுத்தால் மட்டும் நீ ஓர் எழுத்து விடாமல் படிப்பாய், இரண்டாவது தடவையும் படிப்பாய், எங்கெங்கே பிழை இருக்கிறது என்றுகூடப் பார்ப்பாய். நன்றாகப் பார். ரேஷன் கடையில் இருபத்திரண்டு வருஷம் அரிசி போட்ட கை, பிழை நிறையவே இருக்கும். உங்கப்பா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார், அவருக்கு நான் வாயால் சொல்வதே போதும் போதும் என்று இருக்கிறது.

முந்தாநாள் நீ வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாயே, அதில் இருந்து ஆரம்பிக்கிறேன். உன் பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று பேரும் அங்கே போய், பேசி, ஒன்றும் ஆகாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். அதற்கு மூன்றாம் நாள் நீ எனக்கு நான்கு இங்கிலீஷ் எழுத்தை அனுப்புகிறாய். உங்கள் கம்பெனியில் ஏதோ பயிற்சி வைத்தார்களாம், கேள்வித்தாள் கொடுத்தார்களாம், அதில் உன் குணம் இந்த நாலு எழுத்து என்று வந்ததாம். கூடவே அதை விளக்கித் தமிழில் ஒரு பக்கம். கீழே நீ எழுதியிருக்கிறாய், "நான் இந்த வகைம்மா. நித்யாவுக்கும் அனுப்பியிருக்கிறேன், படித்தால் புரிந்துகொள்வாள்."

அந்தப் பக்கத்தை நான் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். தனியாக இருந்தால்தான் இந்த வகை ஆட்களுக்குத் தெம்பு வருமாம். எதையும் ஆராய்ந்து, அலசி, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்களாம். கூட்டத்தில் பேச்சு வராதாம். வேலையில் கெட்டிக்காரர்களாம், ஆனால் செய்ததை வெளியே சொல்ல மாட்டார்களாம். பக்கத்தில் இருப்பவர் அழுதால் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பார்களாம். எல்லாம் சரியடா. ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். உன்னைப் பெற்றவளுக்கு இதை ஒரு கேள்வித்தாள் வந்து சொல்ல வேண்டுமா? மூன்று வயதில் பொம்மை காரைக் கொடுத்தால் ஓட்ட மாட்டாய், கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாய். அப்போதே தெரியும் எனக்கு. நம் ஊரில் ஏழரைச் சனி என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களைப் பார்த்தால் நீ சிரிப்பாய். இப்போது நீ செய்வதும் அதேதான். ஜாதகத்துக்குப் பதிலாக நாலு எழுத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நான் இப்படித்தான், என்னை ஒன்றும் கேட்காதே என்கிறாய். உன் குணம் எனக்குத் தெரியும். அந்தக் குணத்தால் அடுத்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம் முழுக்க என் கடையில் தினமும் சண்டை. அரிசி வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து பையை என் முன்னால் வைத்தார்கள். "இன்னாம்மா, வூட்ல போட்டுப் பாத்தா முன்னூறு கிராம் கம்மியா கீது, யார் வூட்டு அரிசிய யார் துன்றது?" என்று கீழத்தெருக்காரி ஒருத்தி வரிசைக்கு முன்னால் நின்று கேட்டாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா, நானும் பதிலுக்குக் கத்தினேன். திருடி என்று ஒரு சொல் வந்து விழுந்தது. நான் ஒரு பிடி அரிசிகூட எடுத்ததில்லை, தராசும் புதிய எலக்ட்ரானிக் தராசு, எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அது பரீட்சை விடுமுறை வாரம் என்பதால் அந்த ஐந்து நாளும் காலையிலேயே வந்துவிட்டாய். ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மணிக்கு ஒரு தடவை தராசில் வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாய். பையன் விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாய். காலையில் தராசு சரியாக இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் இடப்பக்கம் அடுக்கிய மூட்டை சரிந்து அதன் மூலை தட்டின் மேல் உட்காருகிறது. அந்தப் பாரமும் சேர்ந்து எடை காட்டுகிறது. மூட்டையை ஒரு முழம் தள்ளி அடுக்கினால் போதும். அவ்வளவுதான்.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்றாய். பளாரென்று ஒன்று விட்டேன். "அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடா கேடு உனக்கு?" என்று கேட்டேன். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு, அழாமல், "ஒரு தபா பாத்துட்டு சொன்னா தப்பா பூடும்மா. அஞ்சு நாள் பாத்தாதான் கரீட்டா தெரியும்" என்றாய். நான் அடித்தது தப்பு. அதற்கு இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ கண்டுபிடித்ததற்கு ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லவில்லை, அதுவும் தப்பு. ஆனால் இன்றைக்கும் நான் கேட்கிற கேள்வி அதேதான். நீ நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் உன் கண் முன்னால்தானே என்னைத் திருடி என்றார்கள்? "அம்மா, மூட்டை மேல எனக்கு ஒரு சந்தேகம் கீது, இன்னும் சரியா தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உன் கணக்கு ஒன்றும் கெட்டுப் போயிருக்காது. எனக்கு மூச்சு வந்திருக்கும்.

அதே கதைதான் உன் வேலையிலும். ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை உனக்குக் கிடைத்தபோது, இவனுக்கென்றே செய்த வேலை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் கல்யாணத்துக்கு வந்த உன் மேலதிகாரி, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டே, "உங்க பையன் மெயில்ல புலிம்மா, மீட்டிங்ல எலி" என்றார். நான் சிரித்துவைத்தேன். அவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்பது பிறகு நித்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பாகத்தில் ஓட்டை போடுகிற இடம் மயிரிழை தள்ளிப் போகிறது என்று நீ கண்டுபிடித்து ஒன்பது பக்கத்துக்கு மெயில் எழுதினாய். கூட்டத்தில், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். நீ பேசாமல் இருந்தாய். ஏன் என்றால், அதுதான் மெயிலில் இருக்கிறதே. ஒன்பது பக்கத்தை எவன் படித்தான்? சரக்குப் போய், திரும்பி வந்து, உன் பிரிவுக்கே கெட்ட பெயர் ஆயிற்று. அதற்கப்புறம் இன்னொருத்தன் உன் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்தான். பதவி உயர்வு அவனுக்குப் போனது. அவனைத் திட்டலாம் என்று பார்த்தேன், எனக்கு வாய் வரவில்லை. அவன் படித்துக் காட்டினானே, அதையாவது செய்தானே. அந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

வேலையில் போனது போகட்டும். இன்னொரு பதவி வரும், வராவிட்டால் போகட்டும். வீட்டில் செய்தாயே, அதற்கு வருகிறேன். நித்யா லேப் டெக்னீஷியன் படித்தவள். ரத்தம் பார்க்கிற வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, அவளாகவே தேடி, காஞ்சிபுரத்தில் ஒரு லேபில் வேலை வாங்கினாள். பதினைந்து நாளில் சேர வேண்டும். காலை ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும், ஒரகடத்தில் நீங்கள் இருக்கிற வாடகை வீட்டில் இருந்து எப்படிப் போவது என்று உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ "பாக்கலாம்" என்றிருக்கிறாய். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டிருக்கிறாள். "அதான் பாக்கலாம்னு சொன்னேனே" என்றிருக்கிறாய். நாலாம் நாள் அவள் லேபுக்குப் போன் போட்டு, எனக்கு வசதிப்படாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லவில்லை. பதிமூன்றாம் நாள் நீ ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டுகிறாய். ஒரகடத்தில் இருந்து எந்தெந்த பஸ், எது நேரத்துக்கு வரும், எது வராது, அவளை வாலாஜாபாத் வரைக்கும் நீ வண்டியில் கொண்டுபோய் விட்டால் எத்தனை நிமிஷம் மிச்சம், மழை நாளில் என்ன செய்வது, எல்லாம் மூன்று வழியாகப் பிரித்து எழுதியிருக்கிறாய். மேலதிகாரியிடம் போய் நின்று ஷிப்டையும் மாற்றிக் கேட்டிருக்கிறாய். உனக்காக ஒரு வார்த்தை பேசாத ஆள், அவளுக்காகப் போய்ப் பேசியிருக்கிறாய். ஆனால் வேலை போய் ஒன்பது நாள் ஆகிவிட்டிருந்தது.

அவள் அழுதாள். நீ பேப்பரை நாலாக மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதோடு விட்டாயா? மறுநாள் காலையில், கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டிக்குப் போனில் மெசேஜ் அனுப்புகிறாய், எங்கே தப்பு நடந்தது என்று ஐந்து பாயிண்ட். மூன்றாவது பாயிண்டில், பதில் வருவதற்கு முன்பே நீ முடிவெடுத்தது தவறு என்று எழுதியிருக்கிறாய். எட்டு அடி தூரம்டா! அவளுக்குப் பால் பொங்கியதும் உனக்குக் கேட்டிருக்கும், அவள் மூக்கை உறிஞ்சியதும் கேட்டிருக்கும். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கத் தெரியாதா? பேசக்கூட வேண்டாம், நின்றிருக்கலாமே. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்தப் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. நித்யாவின் அப்பா மாவு மில் வைத்திருப்பவர், குரல் உயர்த்திப் பேசாத மனுஷன். நமக்கெல்லாம் காபி கொடுத்து, நாற்காலியை இழுத்து உனக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ள, நாங்க இன்னா தப்பு செஞ்சோம்னு சொல்லுங்க. இல்ல, எங்க பொண்ணு இன்னா தப்பு செஞ்சிதுன்னு சொல்லுங்க. எதுனா ஒண்ணு சொல்லுங்க" என்றார். கும்பிடாத குறை. நீ தரையைப் பார்த்தாய். தரையில் மொசைக் கல். நீ அந்தக் கல்லில் எத்தனை நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தாய், இல்லை என்று என்னிடம் சொல்லாதே. நான் ஆரம்பித்தேன். என் பையன் அப்படி இல்லை, அவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான், சின்ன வயசில் இருந்தே பேச்சுக் கம்மி, அவனுக்குப் பதிலாக நான் சொல்கிறேன் என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினேன். உங்கப்பா இரண்டு தடவை என் முழங்கையை இடித்தார். நான் நிறுத்தவில்லை. கடைசியில் நித்யா கதவுப் பக்கத்தில் இருந்து வந்தாள். "அத்தை, எனக்கு உங்ககூடவா கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தேன். அவள் அப்பா அவளை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வர ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறோம்மா. மாப்ள வந்து அவரு வாயால பொண்ணுகிட்ட பேசட்டும். இல்லன்னா பொண்ணு இங்கியே இருக்கட்டும், மேற்கொண்டு ஆவறத நாங்க பாத்துக்கறோம்" என்றார். மேற்கொண்டு ஆகிறது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். வக்கீல், கோர்ட்டு. நீயும் உங்கப்பாவும் வெளியே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். நான் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது நித்யா பின்னாலேயே வந்தாள். கைப்பையில் இருந்து ஒரு பேப்பரை எடுத்து என்னிடம் காட்டினாள். நாலாக மடித்தது. உன் பஸ் பேப்பர். "இத எழுத பதிமூணு நாளு உக்காந்திருக்காரு அத்தை. எனக்காகத்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பதிமூணு நாள்ல ஒரு நாளு, நான் பாத்துக்கினு இருக்கேன் நித்யான்னு ஒரு வார்த்த சொல்லல. நீங்கதான சொன்னீங்க, பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம்னு?" என்றாள். பேப்பரைத் திரும்ப மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நான்தான் சொன்னேன். இதை உன்னிடம் அன்றைக்கு வண்டியில் வரும்போது சொல்லவில்லை. இத்தனை நாள் மறைத்தேன், இப்போது சொல்கிறேன். உங்கள் கல்யாணமான புதிதில், தலைதீபாவளிக்கு ஒரு நாள் முன்னாடியே வாலாஜாபாத் போகலாமா என்று அவள் உன்னைக் கேட்க, நீ வழக்கம்போல "பாக்கலாம்" என்றிருக்கிறாய். பாவம், புதுப்பெண். என்னிடம் வந்து, அப்படி என்றால் போகலாமா, போக வேண்டாமா என்று கேட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தேன். "எங்க வூட்ல பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம்மா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதை ஒன்றரை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நீ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவள் இல்லை என்ற பதிலோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை விடச் சொன்னது நீ இல்லை, நான்.

அந்தச் சொல்லை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று யோசித்தேன். கடையில்தான். சர்க்கரை வந்துச்சா? பாக்கலாம். பாமாயில் எப்பம்மா போடுவ? பாக்கலாம். கைரேகை விழவில்லையே, எப்படியாவது போட்டுக் கொடேன். பாக்கலாம், பாக்கலாம். முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்லாமல் ஆளைத் திருப்பி அனுப்ப அதைவிட வசதியான வார்த்தை கிடையாது. கேட்பவர்களுக்கும் தெரியும், பையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்திரிகை வைக்க வந்தவரிடம் பாக்கலாம் என்றால் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று அர்த்தம். இந்த ஜில்லா முழுக்க அது எல்லோருக்கும் தெரியும். நீ ஒருத்தனைத் தவிர.

ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மெட்ராஸ் கோளரங்கத்துக்கு வேன் வைத்து அழைத்துப் போனார்கள். நீ வாயைத் திறந்து ஒன்று கேட்பதே அபூர்வம், அதைக் கேட்டாய். ஒரே பிள்ளை, அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பாக்கலாம் என்றேன். என் கணக்கில் அத்தோடு முடிந்தது. பத்து நாளும் நீ சாப்பிட உட்காரும்போது என் முகத்தைப் பார்த்தாய், கேட்கவில்லை. போகிற நாள் காலையில் நான் வாசல் தெளிக்க எழுந்து வந்தால், நீ குளித்து, யூனிபார்ம் போட்டு, தலை வாரி, ஷூ லேசைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எங்கேடா கிளம்பிட்ட, நான் எப்ப சரின்னு சொன்னேன் என்று கேட்டேன். நீ எழுந்து நின்று, "பாக்கலாம்னு சொன்னியே. பாத்தியாம்மா?" என்று கேட்டாய்.

பார்க்கவே இல்லையடா. ஒரு நிமிஷம்கூட அதைப் பற்றி நினைக்கவில்லை. பதில் இல்லாததால் கத்தினேன். எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்டேன், நீ எதிர்த்துப் பேசவே இல்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாய். அதன்பிறகு என்னிடம் நீ எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உன்னை ஊமையாக்கியது உன் பிறவிக் குணம் மட்டும் இல்லை, அதில் என் பங்கும் இருக்கிறது. அந்த நாலு எழுத்தில் என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள். ஆனால் ஒன்று பார்த்தாயா? நான் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தையை நீ எடுத்து, நிஜமாகவே வைத்துக்கொண்டாய். பார்க்கலாம் என்று நீ சொன்னால் பார்க்கிறாய். பதிமூன்று நாள் உட்கார்ந்து பார்க்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீ பார்க்கிறாய் என்பது உன் மண்டைக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாதே! தெரியாவிட்டால் என் பார்க்கலாமுக்கும் உன் பார்க்கலாமுக்கும் என்னடா வித்தியாசம்? இரண்டிலும் எதிரில் இருக்கிறவள்தான் அழுகிறாள்.

நேற்று நித்யாவுக்குப் போன் செய்தேன். இல்லன்னு அர்த்தம்னு நான் சொன்னது என்னோட பாக்கலாமுக்குதாம்மா, அவன் பாக்கலாம் வேற என்று சொன்னேன். கோளரங்கத்துக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். "இத அவரு சொல்லட்டும் அத்தை. நீங்க சொல்லாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, கடையைத் திறந்து வரிசையில் முதலில் நின்றவர் மேல் கோபப்பட்டேன்.

அதனால் கேள். உன்னை என்னைப்போல ஆகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு என்னைப்போல ஒருத்தியே பேஜார் என்று உங்கப்பா முப்பது வருஷமாகச் சொல்கிறார். நீ மூலையில் உட்கார்ந்துகொள், அலசு, ஆராய், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்று இருக்காதே. பாதி வெந்ததைச் சொல். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். "இன்னும் பாத்துக்கினு கீறேன், ரெண்டு நாள் கொடு" என்றால் ஒருத்தரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவள் அழுதால் அதற்குப் பதில் கண்டுபிடிக்க உட்காராதே, அது கேள்வி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போகும்போது பேப்பர் கொண்டுபோகாதே. ஐந்து பாயிண்டும் வேண்டாம், அந்த நாலு எழுத்தும் வேண்டாம். அவள் அப்பா எதிரில் பேச்சு வராவிட்டால், நித்யாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல், அந்த மனுஷன் எழுந்து போய்விடுவார். அவளிடம் திக்கினால் திக்கு. தப்பாகச் சொன்னால் மறுபடியும் சொல். நீ முன்னால் நின்று முழுங்கி முழுங்கிச் சொல்கிற அரை வார்த்தைக்காகத்தான் அவள் அந்தப் பேப்பரைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள்.

நானும் வந்தால் நான்தான் பேசுவேன். என்னால் அடக்க முடியாது, எனக்கே தெரியும். உங்கப்பா அன்றைக்கென்று இப்போதே சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார், அவரையும் விடப்போவதில்லை. நீ கடைசி நேரத்தில் எனக்குப் போன் செய்து, அம்மா நீயும் கூட வருகிறாயா என்று கேட்பாய். கேள். நான் பாக்கலாம் என்று சொல்வேன். என் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது உனக்குத் தெரியும்.